உங்கள் ஊருக்கு ஒரு புத்தகம்: கண்மாய்க்கரையிலிருந்து அச்சகம் வரை

[திரையில்: மேசை மீது பழைய கும்பாபிஷேக மலர்கள், பள்ளிப் பொன்விழா மலர்கள்]

வணக்கம். உங்கள் ஊரில் தேடினால் இப்படி ஒரு மலர் எந்த வீட்டுப் பரணிலாவது கிடைக்கும். திறந்தால் முதலில் வாழ்த்துரைகள். அப்புறம் நன்கொடையாளர் படங்கள். நடுவில் நாலு பக்கம் தலபுராணம், கடைசியில் விளம்பரம். கண்மாய் மடையை யார் திறந்தார்கள், தை மாதம் எந்த மரம் பூக்கும், குயவர் தெருவில் எத்தனை சக்கரம் சுழன்றது என்று தேடினால் ஒரு வரி கிடைக்காது.

விழா மலரைக் குறை சொல்லவில்லை. அதன் வேலை விழாவோடு முடிகிறது. நாம் பேசப்போவது ஊர்ப் புத்தகம். ஓர் ஊரின் மனிதர்கள், மரம் மட்டை, பறவை, அன்றாடப் பிழைப்பு எல்லாம் அடங்கிய 160, 176 பக்க நூல். நாற்பது வருடம் கழித்து ஒருவர் எடுத்துப் பார்த்தால், அதில் உள்ள ஒவ்வொரு செய்தியையும் யார் சொன்னது, எந்த இடம், எந்த வருடம் என்று சரிபார்க்க முடியவேண்டும். இந்த மூன்றும் இல்லாத செய்தி எவ்வளவு சுவையாக இருந்தாலும் புத்தகத்தில் வேண்டாம். சேகரிப்பது, அடுக்குவது, அச்சிடுவது எல்லாவற்றையும் இந்த அளவுகோலை வைத்தே பார்க்கப் போகிறோம்.

[திரையில்: கையால் வரைந்த ஊர் வரைபடம்]

முதல் வேலை, ஊரை நடந்து வரைவது. தெருக்கள், கிணறுகள், களம், சுடுகாடு, கண்மாய், வாய்க்கால். கூகுள் வரைபடத்தில் உங்கள் வாய்க்காலுக்குப் பெயர் இருக்காது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை அதன் இணையதளத்திலிருந்து இறக்கி, மேலே ட்ரேசிங் தாள் வைத்து வரையலாம். வயல்களை அடையாளம் காண வருவாய்த் துறையின் அ-பதிவேடும் (புல எண்வாரியான நிலப் பட்டியல்) புலப்படமும் (ஒவ்வொரு புலத்தின் அளவு வரைபடம்) உதவும். ஆனால் பட்டாதாரர் பெயர்களை அச்சில் போடாதீர்கள். வேண்டியது வயலின் பெயர், சொந்தக்காரர் பெயர் இல்லை. எல்லைத் தகராறுக்கு உங்கள் புத்தகம் சாட்சியாகப் போய் நிற்கக் கூடாது.

கண்மாயை வரையும்போது நீல நிறத்தில் ஒரு வட்டம் போட்டு விட்டுவிடாதீர்கள். கரை, மடை, கலிங்கு (மிகுந்த தண்ணீர் வழியும் இடம்), வரத்துக் கால்வாய், உள்வாய் (தண்ணீர் நிற்கும் பரப்பு) எல்லாவற்றையும் குறியுங்கள். எந்த மடை எந்த வயலுக்கு, முறை வைத்துத் தண்ணீர் விட்டது யார், அவருக்குக் கூலி நெல்லாகவா பணமாகவா, கலிங்கு கடைசியாக எப்போது மறுகால் போனது என்று கேளுங்கள். கண்மாய்ப் பாசனம் உள்ள ஊரில் இந்த ஒரு அத்தியாயமே பாதி ஊர் வரலாற்றைச் சொல்லிவிடும்.

நடக்கும்போது இன்னொன்று. கோயில் தெருவில் ஆரம்பித்துக் கோயில் தெருவிலேயே முடித்துவிட்டால் பாதி ஊர் விடுபட்டுப் போகும். காலனி, வண்ணார் வீடுகள், முடிதிருத்தும் மருத்துவர் வீடுகள், பனையேறிகள், ஆட்டுக்கிடை போடும் கீதாரிகள், நடவுக்குப் போகும் பெண்கள் என்று தெருவாரியாக ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொரு தெருவிலும் குறைந்தது ஓர் ஆணிடமும் ஒரு பெண்ணிடமும் பேசியாயிற்றா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கொழும்பு, மலேயா, ரங்கூன், திருப்பூர், வளைகுடா என்று பிழைக்கப் போனவர்களின் வீடுகளையும் சேருங்கள். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பம் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கலாம். அவர்களிடம் கேட்காமல் அந்த ஊரின் கதை முழுமை ஆகாது.

[திரையில்: பதிவு செய்யும் கைபேசி, பக்கத்தில் நோட்டுப் புத்தகம்]

அடுத்து, பெரியவர்களிடம் கேட்பது. ஒரு அமர்வு ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, பேசுபவரிடமிருந்து ஒரு முழத்துக்குள் ஒரு துணிமேல் வையுங்கள். மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் ஒலிப்பதிவு முழுக்க இரைச்சல்தான் கேட்கும். பதிவு தொடங்கியதும் பெயர், ஊர், தேதி, கூட இருப்பவர்கள் யார் என்பதைச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அந்த முதல் வாக்கியம் மாறாது.

‘அந்தக் காலத்துல வாழ்க்கை எப்படி இருந்துச்சு பாட்டி?’ என்று கேட்டால், ‘நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப மாதிரியா’ என்று பதில் வரும். அதை வைத்து ஒரு பத்தி எழுத முடியாது. ‘விடிஞ்சதும் மொத வேலை என்ன? தண்ணி எந்தக் கிணத்துல எடுப்பீங்க? எத்தனை நடை? அந்தக் கிணத்துல எல்லாரும் எடுக்கலாமா?’ என்று பொருளைப் பிடித்துக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பிறகு கொஞ்ச நேரம் நீங்கள் பேசாமல் இருப்பது நல்லது.

வருடம்தான் பெரிய சிக்கல். ‘எனக்குப் பத்துப் பன்னெண்டு வயசிருக்கும்’ என்பார்கள். அவருடைய வயதே தோராயம். இதற்கு நிகழ்வு நாட்காட்டி என்று ஒரு வழி இருக்கிறது. எல்லாருக்கும் நினைவிருக்கும் சம்பவங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில் பட்டியல் ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது]

தனுஷ்கோடிப் புயல், டிசம்பர் 1964. அண்ணா மறைவு, பிப்ரவரி 1969. காமராசர் மறைவு, அக்டோபர் 1975. கர்ணம் பதவி ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தது, 1980க்குப் பின். இந்திரா காந்தி கொலை, அக்டோபர் 1984. எம்.ஜி.ஆர். மறைவு, டிசம்பர் 1987. தாமிரபரணி வெள்ளம், நவம்பர் 1992. சுனாமி, டிசம்பர் 2004. இதோடு உங்கள் ஊருக்கு மின்சாரம் வந்தது, முதல் பேருந்து வந்தது, பள்ளிக்கு ஓடு போட்டது ஆகியவற்றையும் ஆவணம் பார்த்துச் சேருங்கள். பிறகு ‘அண்ணா செத்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? மூத்தவன் பொறந்துட்டானா?’ என்று கேட்டால் இரண்டு மூன்று வருட இடைவெளிக்குள் சம்பவத்தைக் கொண்டுவந்துவிடலாம். அதற்கு மேல் குறுக்க முடியாவிட்டால் ‘1969க்கும் 1972க்கும் இடையில்’ என்றே அச்சிடுங்கள். துல்லியம் போலத் தெரியும் ஒற்றை வருடத்தைவிட இந்த இடைவெளி நேர்மையானது.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவர நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். இருபது பேரைப் பதிவு செய்தால் கிட்டத்தட்ட நூறு மணி நேர வேலை. பாதிப் புத்தகங்கள் நிற்பது இந்த இடத்தில்தான். பதிவு செய்த வாரத்திலேயே எழுதிவிடுவது ஒன்றுதான் தப்பும் வழி. பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள். அதற்காக ஒவ்வொரு உச்சரிப்பையும் எழுத்தில் நெளிக்கவும் வேண்டாம். சொற்களும் வினைமுற்றுகளும் அவருடையதாக இருந்தால் போதும். வட்டாரச் சொல்லுக்குப் பொருளை அந்தப் பக்கத்தின் அடியிலேயே போடுங்கள்.

பாட்டும் ஒப்பாரியும் கிடைத்தால் பாடியவர் பெயர், பாடிய நாள், யாரிடம் கற்றார் என்பதோடு போடுங்கள். ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற பொதுத் தலைப்பில் பெயரில்லாமல் அச்சிடுவது ஒருவகைத் திருட்டு. அவரே கட்டிய பாட்டு என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஊர்ப்பெயர்க் காரணம், மன்னர் வந்து தங்கிய கதை இதெல்லாம் வரத்தான் செய்யும். போடுங்கள். ஆனால் ‘ஊரில் சொல்லப்படுவது’ என்று தனியாக ஒரு பகுதியில் போடுங்கள். கல்வெட்டு இருந்தால் அது வேறு பகுதி. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஊர்வாரியாக, ஆண்டும் வரிசை எண்ணும் இட்டுப் பதிவுகள் உண்டு. அந்த எண்ணைக் கொடுங்கள். ‘இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த’ என்ற தொடரை எண் எதுவும் இல்லாமல் எழுதாதீர்கள். இணையத்தில் அந்தத் தொடர் இல்லாத ஊரே இல்லை.

[திரையில்: பக்கம் பக்கமாக இரு மரங்களின் பூக்கள், காய்கள்]

இயற்கைக்கு வருவோம். இங்கே அவசரப்பட்டால் நடக்காது, ஒரு முழு வருடம் வேண்டும். ஒரே பாதையை முடிவு செய்துகொண்டு மாதம் இரண்டு முறை, காலையில் ஒரு மணி நேரம் நடங்கள். எது பூத்தது, எது காய்த்தது, எந்தப் பறவை புதிதாக வந்தது, எது போனது என்று எழுதுங்கள். வருட முடிவில் 24 தாள்கள் இருக்கும். வலசை வருகிற வாலாட்டிகளும் ஆறுமணிக் குருவியும் எந்த மாதம் உங்கள் ஊரில் இறங்குகின்றன என்பது அதில் தானாகவே வந்துவிடும். அடையாளம் தெரியாததை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தோடு போட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பறவைகளுக்கு இபேர்டு தளம் இருக்கிறது.

உள்ளூர்ப் பெயர் முதலில், பொதுத் தமிழ்ப் பெயர் அடுத்து, அறிவியல் பெயர் மூன்றாவது. மூன்றும் வேண்டும். ஏனென்றால் ஒரு ஊரில் செண்பகம் என்னும் பறவை இன்னொரு ஊரில் செம்போத்து. மரத்தில் குழப்பம் இன்னும் அதிகம். அடிக்கடி காணும் பிழை, சீமைக்கருவேலத்தின் படத்தைப் போட்டுக் ‘கருவேலம்’ என்று எழுதுவது. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்தது போல இடையிடையே இறுகி இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளத்துக்குத் தொங்கும் வெளிர்மஞ்சள் கதிர். காய் வளைந்து வைக்கோல் நிறத்தில் இருக்கும். படம் எடுக்கும்போது முழு மரம், பட்டை, இலை, பூ, காய் என்று ஐந்தும் எடுத்தால் பிறகு சரிபார்க்கலாம். இணையத்துப் படம் வேண்டவே வேண்டாம். அதில் உரிமைச் சிக்கல் இருக்கிறது. அதைவிட, அது உங்கள் ஊர் மரமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. தேவாங்கு, நட்சத்திர ஆமை, கூடு கட்டும் ஆந்தை போன்றவை எங்கே இருக்கின்றன என்பதை வரைபடத்தில் காட்டாதீர்கள். பிடித்து விற்பவர்களும் புத்தகம் படிப்பார்கள். படத்தைக் கொடுக்கும்போது அதில் பதிந்திருக்கும் இருப்பிடக் குறிப்பையும் நீக்கிவிடுங்கள். கூந்தன்குளம், வேடந்தாங்கல் போலப் பறவைகளுக்கு ஊரே காவல் நிற்கும் இடங்களின் கதை வேறு.

[திரையில்: மரக்கால், படி, சமையலறைத் தராசு]

அன்றாட வாழ்க்கைப் பகுதியில் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். ‘கலப்பை’ என்று ஒரு படம் போட்டால் போதாது. மேழி, ஏர்க்கால், கொழு, நுகத்தடி என்று உறுப்புகளைப் பெயரோடு காட்டி, ஒவ்வொன்றும் என்ன மரம், எத்தனை முழம், யார் செய்தது, கூலி என்ன என்று போடுங்கள். பழைய வாய்ப்பாட்டில் 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். ஆனால் படியே ஊருக்கு ஊர் பெரிதும் சிறிதுமாக மாறும். ஆகவே ஒரு வீட்டில் பழைய படி கிடைத்தால் அதில் தண்ணீர் ஊற்றி எத்தனை மில்லி பிடிக்கிறது என்று அளந்து அச்சிடுங்கள். நில அளவும் அப்படித்தான். தஞ்சைப் பக்கம் 20 மா ஒரு வேலி, அதாவது சுமார் 6.6 ஏக்கர். மற்ற இடங்களில் குழியும் காணியும் வேறு கணக்கு.

சமையல் குறிப்புக்கும் இதே முறை. ‘ஒரு கை உப்பு, கொஞ்சம் புளி’ என்பதை அப்படியே எழுதிக்கொண்டு, அவர் கையால் எடுத்துப் போடும் முன் தராசில் ஒரு முறை எடை பார்த்துவிடுங்கள். கைப்பக்குவமும் கிராமும் இரண்டுமே பக்கத்தில் இருக்கட்டும். கம்பங்கூழ் போன்றவற்றில் எத்தனை மணி நேரம் புளிக்க வைத்தார், அது எந்த மாதம் என்பதும் முக்கியம். மார்கழிப் புளிப்பும் சித்திரைப் புளிப்பும் ஒன்றில்லை.

சேர்த்தாயிற்று. இனி வரிசை. மனிதர்கள், இயற்கை, தொழில் என்று மூன்று பெட்டியாகப் பிரித்தால் நூல் பாடப்புத்தகமாகிவிடும். சித்திரையில் தொடங்கிப் பங்குனி வரை மாதவாரியாக அடுக்கிப் பாருங்கள். ஆடிப்பட்டத்து விதைப்பு, ஆடிக்காற்று, அந்த மாதத்துக் கோயில் கொடை, அப்போது பூக்கும் மரம், அந்த மாதம் கிடைக்கும் கூலி எல்லாம் ஒரே அத்தியாயத்தில் உட்கார்ந்துவிடும். ஊரில் உண்மையில் அவை ஒன்றாகத்தான் நடக்கின்றன. கண்மாயும் தெருக்களும் மட்டும் மாத வரிசைக்கு முன்னால் தனி அத்தியாயங்களாக வரட்டும்.

[திரையில்: பழைய குழுப் படம் ஒன்று, பெயர்க்குறிப்போடு]

படங்கள். பழைய படங்களை வாங்கி வந்தால் அன்றைக்கே ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 4 × 6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), பாஸ்போர்ட் அளவுக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணப் பயன்முறையிலேயே எடுங்கள். பழுப்பேறிய நுணுக்கம் அதில்தான் நிற்கும். பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரையையும் ஸ்கேன் செய்யுங்கள், வருடம் கண்டுபிடிக்க அது உதவும். சட்டகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்காதீர்கள், மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் கேமராவால் எடுங்கள்.

குழுப் படங்களில் இடமிருந்து வலமாக எல்லாப் பெயரும் வேண்டும். மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிடுங்கள். பெண்களை ‘இன்னாரின் மனைவி’ என்று போடும் பழக்கத்தை விடுங்கள். அவர் பெயரைச் சொல்ல ஊரில் யாராவது இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடவேண்டும்.

கைபேசிப் படங்களில் நடக்கும் விபத்து வாட்ஸாப். சாதாரணமாக அனுப்பினால் நீண்ட பக்கம் சுமார் 1600 புள்ளிகளாக (பிக்சல்) சுருங்கும், எடுத்த தேதியும் போய்விடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். புத்தகப் பக்கத்தின் எட்டரை அங்குல உயரத்துக்கு 2550. ஆகவே 1600 புள்ளிப் படத்தை முழுப் பக்கத்துக்கு இழுத்தால் மங்கும். படத்தை ‘ஆவணம்’ என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், குறையாமல் வரும்.

[திரையில்: உடைந்து கிடக்கும் கொம்புகளும் கால்களும்]

இப்போது தமிழ் எழுத்துரு. நாலு பேர் நாலு விதமாகத் தட்டச்சு செய்திருப்பார்கள்: பாமினி, வானவில், யுனிகோடு. முதல் வேலை, எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றுவது. திருத்தம் அதற்குப் பிறகு. மாற்றியதும் மூன்று இடங்களைப் பாருங்கள். ‘கௌரி’யில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் அகப்படாது. ‘ா’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ர’ இருக்கும். ‘ஸ்ரீ’ உடைந்திருக்கும்.

சில அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்தான் ஓடுகிறது. அதில் யுனிகோடு வேலை செய்யாது. அவர்கள் பழைய எழுத்துருவுக்குத் திருப்பிக் கேட்பார்கள். சம்மதித்தால் பிறகு மின்னூலும் கிடையாது, தேடலும் கிடையாது. இன்டிசைன் மென்பொருளில் செய்யச் சொல்லுங்கள். அதிலும் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி கம்போஸர்’ தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’, ‘கோ’ எல்லாம் கொம்பு வேறு எழுத்து வேறாகப் பிரிந்து நிற்கும். வரி உடையும் இடத்தில் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. எழுத்தின் அளவு 12 பாயிண்ட், வரிக்கு வரி 16 பாயிண்ட் இருந்தால் பெரியவர்கள் கண்ணாடியோடு படிக்கலாம்.

மெய்ப்பு மூன்று சுற்று, மூன்றும் தாளில். ஒரு சுற்றில் பெயர்களை மட்டும் பாருங்கள், ஒரு சுற்றில் எண்களை மட்டும். மூன்றாவதில் எல்லாம். பேசியவர் ஒவ்வொருவரிடமும் அவர் பக்கத்தைப் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். ‘இதை எடுத்துரு தம்பி’ என்று அவர் சொன்னால் எடுத்துவிடவேண்டும், எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும். பக்க எண்கள் மாறாது என்று உறுதியான பிறகு பெயரடைவு. இது இல்லாத ஊர்ப் புத்தகத்தில் யாரும் தன் பாட்டியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

[திரையில்: மடித்த பாரம், வெட்டாத ஓரங்கள்]

அச்சு. டெம்மி அளவு என்றால் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடியும் பகுதி, 16 பக்கம். 163 பக்கம் எழுதினாலும் 168க்கோ (பத்தரைப் பாரம்) 176க்கோ (பதினொரு பாரம்) பணம் போகும், ஆகவே பாரக் கணக்கில் எழுதுங்கள். உள்ளே 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாள் போதும். கறுப்பு வெள்ளைப் படங்கள் அதில் இருண்டுபோகும், ஏனென்றால் தாள் மையைக் குடித்துப் புள்ளி விரிகிறது. அச்சுக்கு முன்பே படங்களின் நடுத்தொனியைக் கொஞ்சம் வெளுக்கச் சொல்லுங்கள். வண்ணப் படங்களை 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாளில் (பூச்சிட்ட தாள்) ஒரு தனிப் பாரமாக நடுவில் சேர்ப்பது செலவு குறைந்த வழி. எழுத்து எல்லாம் ஒற்றைக் கறுப்பில் இருக்கவேண்டும். நான்கு வண்ணக் கலப்பில் போனால் தகடு இம்மி நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

தாளின் நாரோட்டம் முதுகுக்கு இணையாக இருக்கட்டும். குறுக்கே போனால் மழைக்காலத்தில் பக்கங்கள் அலை அலையாக நெளியும். ஆர்ட் தாள் அதிகம் இருந்தால் வெறும் பசை பைண்டிங் பிளந்துவிடும், செக்‌ஷன் தையல் கேளுங்கள். முதுகின் அகலத்தைக் கணக்குப் போட்டு மட்டும் அட்டை செய்யாதீர்கள். 176 பக்கம் மேப்லித்தோ சுமார் 8 மி.மீ. வரும், ஆனால் அதே தாளில் கட்டிய டம்மியை (அச்சில்லாத மாதிரிப் புத்தகம்) அளந்த பிறகே அட்டையை முடிக்கவேண்டும். படம் ஓரம் வரை போகும் இடங்களில் 3 மி.மீ. கூடுதல் விடுங்கள். 300 பிரதிக்குள் என்றால் டிஜிட்டல், 500க்கு மேல் ஆஃப்செட்.

ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு வேறு எண். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் நான்கு பிரதிகள் உங்கள் செலவில் போகவேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஆசியாட்டிக் சொசைட்டியின் மத்திய நூலகம், தில்லி பொது நூலகம். விற்காத ஊர்ப் புத்தகமும் இந்த நான்கு இடங்களில் கிடைக்கும்.

அதோடு பேசியவர், படம் கொடுத்தவர் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பிரதி என்று முதலிலேயே ஒதுக்கிவைத்துவிட்டு, மீதியைத்தான் விற்பனைக் கணக்கில் எழுதவேண்டும். நூறு பேர் உதவியிருந்தால் 500இல் நூறு போய்விடும், விலை வைக்கும்போது அதையும் சேர்த்துப் போடுங்கள். ஒலிப்பதிவுகளை இரண்டு ஹார்ட் டிஸ்கில் இரண்டு வீட்டில் வையுங்கள். பிழைதிருத்தப் பட்டியலை முதல் வாரத்திலிருந்தே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். முதல் திருத்தம் அநேகமாக ஒரு பெயரின் தலைப்பெழுத்தாக இருக்கும்.